விளையாட்டும் ஏகாந்தமும்

விளையாட்டு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு எடைகள் உண்டு. பொறுப்பில்லாதவனை ‘விளையாட்டுப் பிள்ளை’ என்கிறோம். யோசியாது செய்த காரியத்தை ‘விளையாட்டாகச் செய்துவிட்டான்’ என்று ஒதுக்குகிறோம். அதே சொல்லைத்தான் மதுரையின் சைவ அடியார்கள் இறைவனுடைய செயல்களுக்குச் சூட்டித் ‘திருவிளையாடல்’ என்று போற்றினார்கள். நமது விவிலியத்திலும் இச்சொல்லின் கனமான பக்கத்தைக் காண்கிறோம். உலகம் உருவான வேளையில் ஞானம் இறைவனின் திருமுன் களித்திருந்ததாக நீதிமொழிகள் நூலின் எட்டாம் அதிகாரம் கூறுகிறது. அங்கே வரும் எபிரேய மூலச்சொல் விளையாடுவதையும் குறிக்கும். மீட்புப் பெற்ற எருசலேமை நம் கண்முன் நிறுத்தும் இறைவாக்கினர் செக்கரியா, அதன் தெருக்களில் கோலூன்றிய முதியோரையும் விளையாடும் சிறுவர் சிறுமியரையும் சேர்த்தே காட்டுகிறார்.

தனிமை என்னும் சொல்லும் இத்தகையதே. கேட்பாரின்றிக் கிடப்பதும் தனிமை. கதவைச் சாத்திக்கொண்டு மறைவாய் உள்ள தந்தையிடம் வேண்டுவதும் தனிமை. பின்னதை முன்னதிலிருந்து பிரித்துக் காட்டவே ‘ஏகாந்தம்’ என்ற சொல்லை நம் முன்னோர் கைக்கொண்டனர் போலும். இனியவை எவை என்று வினவப்பட்ட ஔவையார், ஏகாந்தத்தை முதலில் வைத்து, அதைவிட இனியதாக இறைவழிபாட்டையும், அதனினும் இனியதாக அறிவுடையோர் உறவையும் அடுக்கினார் என்பது நாம் பள்ளியில் படித்த செய்தி. ஏகாந்தம் இனியது, ஆயினும் அது முதற்படி. இந்த வரிசையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இவ்விரு சொற்களும் இன்று கைப்பேசித் திரையில் சந்திக்கின்றன. வீடியோ விளையாட்டு ஒன்றில் மனிதர் ஏகாந்தத்தைக் காணக்கூடுமா? தம்மை எண்ணிப் பார்க்கவும், அதன் வழியே தம்மைப் படைத்தவரை நோக்கித் திரும்பவும் அது இடந்தருமா? நம் இல்லங்களில் இது பெரும்பாலும் கண்டிப்பைப் பற்றிய கேள்வியாகவே எழுகிறது. ஆன்மாவைப் பற்றிய கேள்வியாகவும் இதை எழுப்ப வேண்டும் என்பதே என் எண்ணம்.

இருட்டிய பின்

நான் பணிபுரியும் மசினகுடி, நீலகிரியின் வடசரிவுக்குக் கீழே, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி அமைந்த ஊர். உதகையிலிருந்து கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால் இங்கு வரலாம். வெளியூரார் அமைதியை நாடி இங்கு வருகிறார்கள். இங்கேயே வாழ்பவர்களுக்கோ அந்த அமைதி எளிதிற் கிட்டுவதில்லை. பகலெல்லாம் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் ஓசை. பொழுது சாய்ந்தால் யானையைப் பற்றிய அச்சம். சீகூர்ப் பீடபூமி யானைகள் வலசை செல்லும் வழி. அவ்வழித்தடத்தைக் காக்க வேண்டும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆகவே இரவு உணவுக்குப் பின் காலார நடந்து மனத்தை ஆற்றிக்கொள்வது நகரத்தாருக்கு இயலும். காட்டின் மடியில் வாழும் எங்களுக்கு இயலாது. சிறிய வீடு, உள்ளே நான்கைந்து பேர், இடைவிடாது பேசும் தொலைக்காட்சி. இந்த நெருக்கத்தில் ஓர் இளைஞனுக்குத் தனக்கே தனக்கென்று கிடைக்கும் இடம், பல வேளைகளில், உள்ளங்கை அகலமுள்ள ஒரு திரைதான்.

பெற்றோர் என்னிடம் வந்து சொல்வது ஏறக்குறைய ஒன்றே: “சாமி, புள்ளைங்க ராத்திரியெல்லாம் போனும் கையுமா இருக்காங்க. இது பாவம்னு ஒருவாட்டி பூசையிலே சொல்லிடுங்க.” அவர்களின் கவலை நியாயமானது. ஆனால் சென்ற ஆண்டு ஓர் இளைஞர் சொன்னது வேறுவிதமாக இருந்தது. பெயரைக் குறிப்பிடாமல் எழுதிக்கொள்ள அவரே இசைந்தார்.

அவர் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுபவர். காலை முதல் மாலை வரை பேசியாக வேண்டிய தொழில். இரவில் அவர் ஆடுவது ஒரு பஸ் ஓட்டும் விளையாட்டு. இந்தோனேசியாவில் மலேயோ என்ற நிறுவனம் 2017-இல் வெளியிட்டது அது. தமிழகத்திலும் கேரளத்திலும் அதை ஆடும் இளைஞர் பலர், நம் ஊர்ப் பேருந்துகளின் வண்ணங்களையும் பெயர்ப்பலகைகளையும் அதில் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறார்கள். எதிரியைச் சுடுவதில்லை, யாரையும் வெல்வதில்லை. நீண்ட சாலை, வண்டியின் உறுமல், அவ்வளவுதான். ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அவர் சொன்னார்: “சாமி, அப்பா எறந்தப்ப எனக்கு அழுகையே வரலை. காரியம், கடன், வந்தவங்களுக்குச் சாப்பாடுன்னு ஓடிட்டே இருந்தேன். ஒருநாள் ராத்திரி அந்த கேம்ல, ஆளில்லாத ரோட்டிலே பஸ்ஸை ஓரங்கட்டிட்டு, லைட்டை மட்டும் எரியவிட்டுட்டு சும்மா பார்த்துட்டே இருந்தேன். அப்பாவும் டிரைவர்தானே சாமி. அப்பதான் அழுதேன். அந்த அமைதி கோயில்ல எனக்குக் கிடைக்கலை. அது தப்பா?”

“அழுது முடிச்சதும் என்னப்பா செஞ்சே?” என்று கேட்டேன். “போனை வெச்சுட்டு அம்மா பக்கத்துல போய் உட்கார்ந்தேன்” என்றார்.

அவருடைய கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் மறுமொழி கூறிவிட முடியாது. அதன் இரு பக்கங்களையும் நிதானமாக நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டமும் ஓய்வும்

எதிர்ப்பக்கத்தை முதலில் அதன் முழு வலிமையோடு கேட்போம். பிரான்சு நாட்டின் கணித மேதையும் ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கையாளருமான பிளேஸ் பாஸ்கால் 1662-இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் ‘சிந்தனைகள்’ என்ற பெயரில் 1670-இல் நூலாயின. மனிதர்கள் வேட்டைக்கும் சூதுக்கும் கேளிக்கைக்கும் ஓடுவது ஏன் என்று அவர் ஆராய்கிறார். தனியறையில் சும்மா அமர்ந்திருந்தால், தம் நிலையாமையும் உள்ளத்தின் வெறுமையும் தம் முன் வந்து நிற்கும். அதற்கு அஞ்சியே ஓடுகிறார்கள் என்பது அவருடைய விடை. வேட்டைக்காரன் தேடுவது முயலை அன்று, தன்னை மறக்கச் செய்யும் ஓட்டத்தைத்தான் என்று அவர் காட்டும்போது, நள்ளிரவில் கைப்பேசியோடு விழித்திருக்கும் நம் பிள்ளைகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. பாஸ்காலின் கணக்குப்படி விளையாட்டு ஏகாந்தத்தின் வாயில் ஆகாது. ஏகாந்தத்திலிருந்து தப்பி ஓடும் வழியே ஆகும்.

இதைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் திருச்சபையின் மரபு விளையாட்டைப் பற்றி இந்த ஒரு குரலில் மட்டும் பேசவில்லை. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், குருக்கள் பகடை ஆடலாகாது என்று விதித்தது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினார், உடலுக்கு உறக்கம் எப்படியோ அப்படி உள்ளத்துக்கு விளையாட்டு ஓய்வளிக்கிறது என்று தம் இறையியல் தொகுப்பில் எழுதினார். திருத்தூதர் யோவானைப் பற்றிய பழங்கதை ஒன்றையும் அங்கே எடுத்தாள்கிறார். சீடர்களோடு யோவான் விளையாடியதைக் கண்டு இடறல்பட்ட ஒருவரிடம், வில்லை வளைத்து அம்புகளை எய்யச் சொல்கிறார் யோவான். ஓயாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று கேட்டபோது, வில் முறிந்துபோகும் என்கிறார் அந்த மனிதர். மனமும் அப்படித்தான் என்பது யோவானின் விடை. அளவறிந்து விளையாடுவதை அக்குவினார் நற்பண்புகளில் ஒன்றாகவே வைத்தார். தானும் விளையாடாமல் பிறர் விளையாட்டையும் கெடுப்பவரிடம் குறை உண்டு என்றும் சொன்னார்.

பதினாறாம் நூற்றாண்டில் அவிலா நகர்ப் புனித தெரேசா இன்னும் ஓரடி முன்னே சென்றார். தம் சகோதரிகளுக்குச் செபத்தைக் கற்பிக்க அவர் எடுத்துக்கொண்ட உவமை சதுரங்கம். மடத்தில் அந்த ஆட்டத்துக்கு இடமில்லை என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்ட அவர், அரசரை மடக்கும் வல்லமை அரசிக்கு இருப்பதுபோல, விண்ணக அரசரை நம்மிடம் இறங்கிவரச் செய்யும் வல்லமை தாழ்ச்சிக்கு உண்டு என்று விளக்கினார். விசுவநாதன் ஆனந்தையும், 2024-இல் உலக வாகையரான குகேஷையும் தந்த தமிழகத்துக்கு, சதுரங்கப் பலகையின் முன் நிலவும் மௌனம் எத்தகையது என்று எடுத்துரைக்கத் தேவையில்லை.

பாட்டியின் பல்லாங்குழி

நம் வீடுகளிலேயே இதற்குச் சான்று இருந்தது. பல்லாங்குழி இருவர் ஆடும் ஆட்டம். ஆனால் ஒருவர் மட்டுமே ஆடும் வகை ஒன்றும் அதில் உண்டு. அதன் பெயர் சீதைப் பாண்டி. அசோகவனத்தில் சிறையிருந்த சீதை, துணையின்றித் தனக்குத்தானே ஆடிய ஆட்டம் என்று வழிவழியாகச் சொல்வார்கள். கதை எவ்வாறாயினும், அந்தப் பெயரைச் சூட்டிய பெண்கள் ஓர் உண்மையை அறிந்திருந்தார்கள். காத்திருப்பவளுக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும். சோழிகள் குழிக்குக் குழி விழும் அந்த ஒழுங்கில், மனம் தன் துயரத்தோடு அமர்ந்திருக்கக் கற்றுக்கொள்கிறது. செபமாலையின் மணிகளை உருட்டும் நம் விரல்களும் இதே உண்மையை அறியும். சீதைப் பாண்டியைச் செபமாலைக்கு இணையாக்குவது என் நோக்கமன்று. கை ஒன்றில் பழகியிருக்கும்போது உள்ளம் விடுபட்டு ஆழத்துக்கு இறங்கக்கூடும் என்பதையே சொல்ல வருகிறேன்.

பரமபதம் இன்னொரு சான்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடப்பட்ட அந்த ஆட்டத்தில், ஏணிகள் நற்செயல்கள், பாம்புகள் தீவினைகள், உச்சியில் இருப்பது வீடுபேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற இந்த ஆட்டம், காலப்போக்கில் வீடுபேற்றை இழந்து வெறும் எண்களுள்ள சிறுவர் பலகையாயிற்று. ஒரே கட்டமும் ஒரே பகடையும், தம்முள் வைக்கப்பட்ட பொருளுக்கேற்ப, மறுமையை நினைவூட்டவும் கூடும். பொழுதை மட்டும் போக்கவும் கூடும்.

மூன்று விளையாட்டுகள்

இன்றைய வீடியோ விளையாட்டுகளிலும் பொருள் வைத்து ஆக்கப்பட்டவை உண்டு. மூன்றை மட்டும் குறிப்பிடுகிறேன்.

ஷாங்காய் நகரிற் பிறந்த ஜெனோவா சென் என்பவரின் தலைமையில் உருவாகி 2012-இல் வெளிவந்தது ‘ஜர்னி’. ஆடுபவர் பரந்த மணல்வெளியில் செந்நிற ஆடையோடு நிற்கிறார். தொலைவில் உச்சியில் ஒளி வீசும் ஒரு மலை. சொற்கள் இல்லை, மதிப்பெண்கள் இல்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பயணம் நிறைவுறும். வழியில் உலகின் ஏதோ ஒரு மூலையில் அதே வேளையில் ஆடும் மற்றொருவர் எதிர்ப்படலாம். அவர் பெயர் தெரியாது. அவரோடு பேச இயலாது. இசை போன்ற ஓர் ஒலியை மட்டும் எழுப்பி அழைக்கலாம். உடன் நடந்தவரின் பெயர் பயணம் முடிந்த பிறகே திரையில் தோன்றும். வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை சென்று, முன்பின் அறியாதவரோடு இரவெல்லாம் நடந்தவர்களுக்கு இது புரியும். எம்மாவு வழியில் நடந்த சீடர் இருவருக்கும் உடன் வந்தவர் யாரென்று முடிவில்தானே விளங்கிற்று!

இரண்டாவது, அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டிரேசி ஃபுல்லர்ட்டன் என்ற பேராசிரியை ஆக்கி 2017-இல் வெளியிட்ட ‘வால்டன்’. எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845-இல் வால்டன் குளக்கரையில் ஒரு குடிசை அமைத்து ஈராண்டுகளுக்கு மேல் எளிமையாய் வாழ்ந்ததை அடியொற்றியது. உணவு, உடை, விறகு, உறையுள் ஆகியவற்றை ஆடுபவர் தேட வேண்டும். ஆனால் பொருள் சேர்ப்பதிலேயே மூழ்கி, மரத்தையும் பறவையையும் பார்க்க மறந்தால், சுற்றியுள்ள உலகின் வண்ணங்கள் மெல்ல மங்கிவிடும். உழைப்பே கதியென்று வாழும் நம்மில் பலருக்கு நேர்வது இதுதான்.

மூன்றாவது, ஒரு தந்தையின் கண்ணீர். அமெரிக்காவில் ரையன் கிரீன், ஏமி கிரீன் என்னும் கிறிஸ்தவத் தம்பதியரின் மகன் ஜோயலுக்கு ஒரு வயதில் மூளைப் புற்றுநோய் கண்டது. சில மாதங்களே வாழ்வான் என்று மருத்துவர் கூறிய அக்குழந்தை மேலும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, 2014 மார்ச்சில் இறைவனடி சேர்ந்தான். அந்நாட்களை அவர்கள் ‘தட் டிராகன், கேன்சர்’ என்னும் விளையாட்டாக்கி, மகனின் பிறந்தநாளான 2016 சனவரி 12 அன்று வெளியிட்டார்கள். அதில் ஒரு காட்சி: மருத்துவமனை அறையில் குழந்தை ஓயாது அழுகிறது. ஆடுபவர் எதைச் செய்து பார்த்தாலும் அழுகை நிற்பதில்லை. வெல்வதற்கென்றே பழகிய கைகள் அங்கே செயலற்றுப் போகின்றன. தந்தை செபிக்கத் தொடங்கிய பிறகே குழந்தை உறங்குகிறது. மனித முயற்சி தீர்ந்துபோகும் எல்லையில் தொடங்கும் மன்றாட்டைத் திருப்பாடல்களில் நாம் கேட்டிருக்கிறோம். அது ஒரு விளையாட்டிலும் ஒலிக்கக் கூடும் என்பதை இப்பெற்றோர் காட்டினர்.

விடாது அழைப்பவை

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நம் பிள்ளைகளின் கைப்பேசியில் இருப்பவற்றுள் பெரும்பாலானவை இத்தகையன அல்ல. மேற்சொன்ன மூன்றும் ஒருநாள் முடிந்துவிடும். ஆடியவரை வீட்டுக்கு அனுப்பிவிடும். பிறவற்றுக்கோ முடிவு என்பதே இல்லை. இன்று வராவிட்டால் இன்றைய பரிசு போய்விடும் என்கின்றன. நேற்றைய இடத்தைத் தக்கவைக்க இன்றும் சுடச் சொல்கின்றன. குழுவினர் கூப்பிடுகிறார்கள், மணியடிக்கிறது, கடை விரிகிறது. அங்கே இருப்பவன் அறையில் தனியாக இருக்கலாம். ஆனால் உள்ளத்தில் சந்தை நடுவே நிற்கிறான். அவனுக்குத் தனிமையின் துயரம் உண்டு. ஏகாந்தத்தின் இனிமை இல்லை.

பணம் புகுந்த ஆட்டங்களின் கேடு இதனினும் பெரிது. இணையச் சூதாட்டத்தால் கடனில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்கள் தமிழகத்தில் உண்டு. அதனாலேயே 2022-இல் தமிழ்நாடு சட்டமன்றம் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை இயற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை கூடாது என்று 2025-இல் மாநிலம் விதி வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் அவ்விதியை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் அத்தகைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எங்கள் ஊரை அடுத்த பந்திப்பூர்க் காட்டுச்சாலை, விலங்குகளின் நலன் கருதி, 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை வாகனங்களுக்கு அடைக்கப்படுகிறது. காட்டுக்கு ஓர் இரவு வேண்டும் என்று சட்டம் கண்டுகொண்டது. மனித மனத்துக்கும் ஓர் இரவு வேண்டும்.

பணமில்லாத ஆட்டமும் அளவு மீறினால் நோயாகலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022-இல் நடைமுறைப்படுத்திய நோய்ப்பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றது. ஆட்டத்தின் மேல் கட்டுப்பாட்டை இழப்பது, மற்றக் கடமைகளுக்கு மேலாக அதை வைப்பது, தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்வது, பொதுவாக 12 மாதங்களேனும் இந்நிலை நீடிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இவை தென்பட்டால், மறையுரையைவிட மருத்துவரே முதலில் தேவை என்பதைப் பெற்றோர் தயங்காமல் ஏற்க வேண்டும்.

இஞ்ஞாசியாரின் உரைகல்

அப்படியாயின் எது நம்மை ஏகாந்தத்துக்கு அழைத்துச் செல்கிறது, எது சந்தைக்கு இழுக்கிறது என்று எப்படி அறிவது? இதற்கு நம் கையில் ஓர் உரைகல் ஐந்நூறு ஆண்டுகளாக இருக்கிறது.

1521 மே மாதம் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்த படைவீரர் ஒருவர், லொயோலா மாளிகையில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். வீரசாகசக் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும் கொண்ட நூல்களே கிடைத்தன. படிக்காத வேளைகளில் அவர் மனக்கோட்டை கட்டினார். உயர்குலப் பெண் ஒருத்தியின் பொருட்டு எந்த வீரச்செயலைச் செய்வது, எந்தச் சொற்களால் அவளை அணுகுவது என்று மணிக்கணக்கில் கற்பனையில் ஆடிக்கொண்டிருந்தார். பிறகு வேறொரு கற்பனை: புனிதர்களைப்போல வெறுங்காலோடு எருசலேமுக்கு நடந்தால் என்ன? இரண்டுமே அந்த நேரத்தில் இன்பம் தந்தன. முதலாவது விலகிய பின் உள்ளம் வறண்டு கிடந்தது. இரண்டாவது விலகிய பின்னும் மகிழ்ச்சி தங்கிற்று. இந்த வேறுபாட்டைக் கவனித்த நாளில்தான் புனித இஞ்ஞாசியாரின் கண்கள் திறந்தன. தெளிந்து தேர்தல் பற்றிய அவருடைய படிப்பினை முழுவதும் அந்த ஊற்றிலிருந்து பிறந்ததே.

இஞ்ஞாசியார் கற்பனையை வெறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் தம் ஆன்மீகப் பயிற்சிகளில், நற்செய்திக் காட்சியின் இடத்தை மனக்கண் முன் நிறுத்தி, அதனுள் நுழைந்து நடக்கவே அவர் கற்பித்தார். அவர் கேட்ட கேள்வி ஒன்றே: இது விலகிய பின் என்னிடம் எது தங்குகிறது?

அந்த உரைகல்லை விளையாட்டின் மேல் தேய்த்துப் பார்ப்போம். ஆடும்போது எவ்வளவு இன்பம் என்பது அளவுகோல் ஆகாது. சூதாடிக்கும் ஆடும்போது இன்பமே. திரையை அணைத்த பிறகு வரும் ஐந்து நிமிடங்களைக் கவனியுங்கள். எரிச்சலும் மீண்டும் எடுக்கத் துடிக்கும் கையும் தங்குகின்றனவா? அம்மா கூப்பிட்டால் கோபம் வருகிறதா? அப்படியானால் பாஸ்கால் சொன்னது சரி, அது ஓட்டமே. அல்லது சற்று மௌனமும், மறந்திருந்த ஒருவரின் நினைவும், அருகிருப்பவரின் மேல் கனிவும் தங்குகின்றனவா? அப்படியானால் அந்த விளையாட்டு தன் சிறிய பணியைச் செய்திருக்கிறது. தந்தையை நினைத்து அழுத அந்த இளைஞர், அழுது முடித்துத் தாயின் அருகில் சென்று அமர்ந்தார். அவர் கேட்ட கேள்விக்கு விடை அவர் செய்கையிலேயே இருந்தது.

திண்ணையும் வீடும்

ஆயினும் விளையாட்டு தரும் ஏகாந்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. பழைய தமிழ் வீடுகளில் திண்ணை இருந்தது. அது தெருவுமன்று, வீடுமன்று. வெயிலில் நடந்த வழிப்போக்கன் அதில் அமர்ந்து இளைப்பாறலாம், யாரும் விரட்டமாட்டார்கள். ஆனால் திண்ணையிலேயே வாழ்நாளைக் கழித்தவன் அந்த வீட்டாரை அறியமாட்டான். நல்ல விளையாட்டு இத்தகைய ஒரு திண்ணை.

ஏன் அது வீடாக முடியாது? விளையாட்டில் வரும் காட்டில் ஒவ்வொரு மரமும் ஆடுபவருக்காகவே நடப்பட்டது. அங்கே மழை பெய்வதும் அவருக்காகவே. எங்கள் ஊரின் காடு அப்படியன்று. மாயாற்றின் கரையில் நிற்கும் யானைக்கு என் பெயர் தெரியாது. என் கதையில் தனக்கு ஒரு பாத்திரம் உண்டென்றும் அது எண்ணுவதில்லை. அதன் முன் நிற்கும்போது, உலகம் என்னைச் சுற்றிச் சுழலவில்லை என்ற உண்மை உடலிலேயே உறைக்கிறது. நாற்பது நாள் பாலைநிலத்தில் இருந்த நம் ஆண்டவர் அங்கே காட்டு விலங்குகளிடையே இருந்தார் என்று மாற்கு நற்செய்தி மட்டும் குறிப்பிடுகிறது. அவருடைய ஏகாந்தம் வெறுமையாக இருக்கவில்லை. சோதிப்பவன் இருந்தான், விலங்குகள் இருந்தன, பணிவிடை செய்யும் வானதூதர் இருந்தனர், எல்லாவற்றுக்கும் மேலாக அவரை அங்கே அனுப்பிய தூய ஆவியார் இருந்தார். கிறிஸ்தவ ஏகாந்தம் என்பது, நான் ஆக்காத, என்னால் ஆட்டுவிக்க முடியாத ஒருவர் என்னை அழைக்க இடங்கொடுப்பது. எந்தத் திரையும் அந்த அழைப்பைத் தானே தர இயலாது. அதற்குச் செவிசாய்க்கும் மனநிலையைச் சில வேளைகளில் உண்டாக்க மட்டும் இயலும். ஔவையார் ஏகாந்தத்தின் மேல் இன்னும் படிகளை வைத்தது இதனாலேயே.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோருக்கு என் வேண்டுகோள் எளியது. ‘எவ்வளவு நேரம்?’ என்று மட்டும் கேளாமல், ‘எந்த விளையாட்டு? அதில் உனக்கு என்ன கிடைக்கிறது?’ என்றும் கேளுங்கள். ஒருநாள் அருகில் அமர்ந்து பாருங்கள். பணம் கேட்கும் ஆட்டத்துக்கும், முடிவே இல்லாத ஆட்டத்துக்கும் கண்டிப்பாக வரம்பு கட்டுங்கள். அணைத்த பிறகு ஐந்து நிமிடம் வேறெதையும் எடுக்காமல் இருக்கப் பழக்குங்கள். இளைஞர்களுக்கு முன்மாதிரியாக ஒருவரைத் திருச்சபை அண்மையில் நமக்குத் தந்திருக்கிறது. 1991-இல் பிறந்து 2006-இல் தம் 15-ஆம் வயதில் இரத்தப் புற்றுநோயால் மறைந்த கார்லோ அக்குதிஸ், 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் ஏற்றிய அவர், வீடியோ விளையாட்டையும் விரும்பினார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தாமே தமக்கு எல்லை வகுத்துக்கொண்டார். அவர் விளையாட்டைச் சபிக்கவில்லை. திண்ணையில் எவ்வளவு நேரம் அமர்வது என்பதை மட்டும் அறிந்திருந்தார்.

பங்குச் சமூகமாகிய நமக்கும் ஒரு கேள்வி உண்டு. கோயிலில் கிடைக்காத அமைதி ஓர் இளைஞருக்கு ஒரு விளையாட்டின் வெற்றுச் சாலையில் கிடைத்தது என்றால், அவரை விசாரிக்கும் முன் நம் ஆலயங்களை விசாரிக்க வேண்டும். விடியலில் ஒலிபெருக்கி, திருப்பலி முழுவதும் பாடல், பாடல் முடிந்தால் அறிவிப்பு, அறிவிப்பு முடிந்தால் நன்றியுரை. உரிய நேரங்களில் புனிதமான மௌனம் காக்கப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே திருவழிபாடு பற்றிய தன் ஏட்டில் பணித்தது. வாசகத்துக்குப் பின்னும், மறையுரைக்குப் பின்னும், நற்கருணை உட்கொண்ட பின்னும் அந்த மௌனத்துக்கு இடம் உண்டு. அந்த இடத்தை நிரப்பியவர்கள் நாம். பூட்டிய ஆலயத்தின் முன் மாலையில் வந்து திரும்பிப் போகும் இளைஞனுக்கு, நாம் திறந்துவைக்காத கதவை வேறு யாரேனும் திறந்து வைத்திருப்பார்கள்.

ஆகவே, அன்புக்குரிய வாசகர்களே, வரும் ஞாயிறு முதல் நற்கருணைக்குப் பின் சில நிமிடங்கள் எதையும் பாடாமல் அமர்ந்திருப்போம். விளையாட்டை வைத்துவிட்டு எழும் பிள்ளை யாரிடம் போகிறான் என்று பார்ப்போம். திருப்பலி முடிந்து எழும் நாம் யாரிடம் போகிறோம் என்பதையும் அதே கண்ணால் பார்ப்போம்.